கெலவரப்பள்ளிக்குப் போன கிராபிக்ஸ் கார்டு

போன மாதம் எங்கள் பழைய கடைப் பக்கம் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது பிரவீணா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மதர்போர்டின் பெயரைக் கணினியில் தட்டினாள். அதில் எந்த பிராசஸர் ஓடும், எந்த கிராபிக்ஸ் கார்டு போகும், எத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும் என்று பச்சையும் சிவப்புமாகப் பட்டியல் வந்து விழுந்தது.

"இது இல்லாம நீங்கல்லாம் எப்பிடிக்கா வேலை பாத்தீங்க?"

"பயந்துக்கிட்டே பாத்தோம்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பதால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்ததும் ஓசூருக்குக் குடிவந்தோம். நானும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் வரிசையில் சில வருடம் உட்கார்ந்தேன். அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த முனிராஜ் சாரிடம் வேலை கேட்டுப் போனேன். அவர் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஓரத்தில் கருகியிருந்த மதர்போர்டை என் கையில் கொடுத்து, "பாத்தா என்னம்மா தோணுது?" என்றார்.

"யாரோ அவசரப்பட்டிருக்காங்க சார்."

"நாளைலேர்ந்து வா."

என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த மேசையில் கற்றது.

முனிராஜ் சார் வீட்டில் தெலுங்கு பேசுவார். வாடிக்கையாளர் வாயைத் திறந்ததும் அவர் எந்த மொழியோ அதற்கு மாறிவிடுவார். என்னிடம் தமிழ். ஆங்கிலத்தில் பேசினால் மெஷின் மேல் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு கம்ப்யூட்டர் மேசைக்கு வந்தால் முதலில் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "இதுல என்ன வேலை பண்ணப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. வந்தவர்கள் "ஸ்பீடு வேணும் சார்" என்பார்கள். "எதுக்கு ஸ்பீடு?" என்பார். அவர்கள் காரணம் சொல்லி முடிக்கும் வரை மூடியைத் திறக்க விடமாட்டார்.

திறந்த பிறகும் கை பின்னால்தான் இருக்கும். நான்தான் டார்ச் அடித்து, ஸ்லாட்டுகளுக்கு நடுவே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் போர்டின் பெயரைப் படிக்க வேண்டும். அடுத்து கிராபிக்ஸ் கார்டு போகும் ஸ்லாட்டில் தடுப்பு எங்கே இருக்கிறது என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். தடுப்பு ஒரு பக்கம் இருந்தால் ஒரு வோல்டேஜ், மறு பக்கம் இருந்தால் வேறு வோல்டேஜ். பிறகு பவர் சப்ளையின் ஸ்டிக்கர். அதில் எழுதியிருக்கும் வாட் கணக்கை நம்பாமல், பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்க்கச் சொல்வார். லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. இத்தனையும் முடிந்த பிறகுதான் புதுச் சாமானின் கவரைப் பிரிக்கலாம்.

பொருத்தம் என்ற சொல் வந்தாலே கல்யாண ஜோக் அடிப்பவர்கள் உண்டு. சாருக்கு அது பிடிக்காது. "கல்யாணத்துல பொருந்தலேன்னா உக்காந்து பேசலாம். போர்டு பேசாது, புகைதான் விடும்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "நுழையாத சாமான் நல்ல சாமான். நுழைஞ்சிட்டு ஓடாம இருக்குது பாரு, அதுகிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அவர் சொன்னதன் அருமையை எங்களுக்குப் புரியவைத்தவர் ஒரு ஃபிட்டர். சிப்காட்டில் வேலை, உலோகத்தைச் செதுக்குவதில் கெட்டிக்காரர். பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று தன் புது போர்டில் நுழையவில்லை என்றதும், தடுப்பு இடிக்கும் இடத்தில் கார்டை அரத்தால் ராவி நுழைத்துவிட்டார். மறுநாள் போர்டோடு வந்தார், கூடவே கருகிய வாசனையும் வந்தது. சார் அந்தக் கார்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கோடு போட்டது போல நேராக, பிசிறு இல்லாமல் ராவியிருந்தது. "ஃபிட்டர்னா இவருதான் ஃபிட்டர்" என்று மனதாரப் பாராட்டினார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "போர்டு போச்சுங்க" என்றார். அந்த மனிதர் பாராட்டுக்குச் சந்தோஷப்படுவதா, போர்டுக்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இனி நாகவேணியின் மெஷின்.

அது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில். கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெங்கடசாமி என்ற விவசாயி ஒரு கம்ப்யூட்டரைத் தக்காளிக் கிரேட்டில் வைத்து, சுற்றிலும் வைக்கோல் திணித்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பஸ்ஸில் அவருடைய மருமகள் நாகவேணி வந்தாள்.

சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெரியவர் முந்திக்கொண்டார். "எங்க வேணி டை வரையுதுங்க சார். இரும்பு அச்சு. கம்ப்யூட்டர்லயே வரைஞ்சு, அதையே சுத்திச் சுத்திக் காட்டும். பார்த்தா கையில எடுத்துரலாம் போல இருக்கும்."

நாகவேணி டூல் அண்டு டை டிப்ளமா படித்தவள். குழந்தை பிறக்கும் வரை சிப்காட்டில் டை செய்து கொடுக்கும் ஒரு டூல் ரூமில் டிசைன் வேலை பார்த்தவள். ஷிப்டுக்குப் போய்வர முடியாமல் வேலையை விட்டிருந்தாள். டூல் ரூம் முதலாளி சுந்தரேசன் கோயம்புத்தூர்க்காரர். இவள் கைவேலை அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்தே வரைந்து தரட்டும் என்று அவருக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சனிக்கிழமை காலை நேரில் வருவேன், என் கண்முன்னால் ஒரு முழு டையைத் திரையில் திறந்து, திருப்பி, வெட்டி உள்பக்கம் காட்ட வேண்டும், நடுவில் நின்றுபோகிற மெஷினை நம்பி வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல முடியாது என்றிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டறாருக்கா. மாசத்துல பாதி நாள் வெளியூரு. நான் மறுபடி ஷிப்டுக்குப் போறதுன்னா குழந்தைய அம்மா வீட்லதான் விடணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "இது ஓடுச்சுன்னா எல்லாம் ஓடிரும்."

பெங்களூரில் இருக்கும் உறவுப் பையன் ஆசையோடு புது பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கி அனுப்பியிருந்தான். கார்டு அந்த போர்டில் நுழையவே இல்லை. அது அப்போது புதிதாக வந்திருந்த ஸ்லாட்டுக்கான கார்டு. போர்டோ பழைய ரகம். "நல்ல சாமான்" என்றார் சார். பிராசஸர் கச்சிதமாக உட்கார்ந்தது. அடியில் அதே நானூற்று எழுபத்தெட்டு ஊசிக் கால். சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. சார் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தார். கால் ஒன்றாக இருந்தாலும் அந்தப் பிராசஸர் கேட்கும் வேகத்தையும் கரென்டையும் அந்த போர்டால் கொடுக்க முடியாது. நல்லவேளை, எதுவும் கருகவில்லை.

இரண்டையும் மாற்றி வாங்கினோம். அந்த போர்டு தாங்கக்கூடிய, கொஞ்சம் வேகம் குறைந்த பிராசஸர் ஒன்று. தடுப்பு சரியான பக்கம் இருக்கும் பழைய ரகக் கார்டு ஒன்று. ஆனால் அந்தப் பிராசஸரை அடையாளம் கண்டுகொள்ள போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற ஆதி புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய பிராசஸரையே திரும்ப மாட்டி, பிளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும். நடுவில் கரென்ட் போனால் போர்டு செத்துவிடும். சார் கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். யூபிஎஸ்ஸைத் தனியாகப் பிரித்து அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் கொடுத்தார். "யாரும் இருமக்கூடாது" என்றார். பெரியவர் நிஜமாகவே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பிளாப்பி கரகரவென்று ஓடி முடிந்து, மெஷின் மறுபடி எழுந்தபோது அவர்தான் முதலில் கைதட்டினார்.

அதன்பின் புது பிராசஸர், புது கார்டு. நாகவேணி ஒரு டையைத் திறந்தாள். மவுஸை அசைத்ததும் அந்த இரும்புக் கட்டி திரையில் மிதந்து திரும்பியது. மதியம் வரை திருப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு குறையும் இல்லை. மறுபடி தக்காளிக் கிரேட், வைக்கோல், மொபெட்.

அடுத்த நாளே திரும்பி வந்தார்கள். "திருப்பினா செத்துப் போவுதுக்கா" என்றாள் நாகவேணி. மேசையில் வைத்துப் போட்டோம். கல் மாதிரி ஓடியது. கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மறுபடி வந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நாங்கள் அவளை நம்பவில்லையோ என்று நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சாருக்கும் புரிந்திருக்க வேண்டும். கடையை விட்டு எங்கேயும் போகாத மனிதர், "மெஷின் இங்க வந்து நடிக்குது. நாம அங்க போவோம்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அன்று வியாழக்கிழமை. கூடத்தில் மெஷினை வைத்து நாகவேணி வேலை செய்தாள். ஒழுங்காக ஓடியது. காபி வந்தது. குழந்தை என் மடியில் தூங்கியது. பெரியவர் எங்களைப் பார்த்துப் பூரித்துப் போய், "நீங்க பாருங்க, நான் கோசுக்குத் தண்ணி கட்டிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பெட்டி பொட்டென்று அணைந்தது.

"பாருங்கக்கா, பாருங்க சார்!" என்று நாகவேணி குதித்தாள். மெஷின் அணைந்ததற்கு ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மானிட்டர் மட்டும் அணையவில்லை. அதன் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறி, சிக்னல் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கரென்ட் போகவில்லை. நான் மானிட்டரின் முதுகைப் பார்த்தேன். நூறு வோல்ட்டிலிருந்து இருநூற்று நாற்பது வரை என்று போட்டிருந்தது. பெட்டியின் பவர் சப்ளையில் வெறும் இருநூற்று முப்பதுதான்.

"சார், வோல்டேஜ்" என்றேன்.

சார் மீட்டரைப் பிளக்கில் வைத்தார். நூற்று அறுபதில் ஊசலாடியது. வாசலுக்கு வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். நாலாபக்கமும் மோட்டார் சத்தம். விவசாயத்துக்கான மும்முனைக் கரென்ட் வந்தவுடன் ஊரே தண்ணீர் கட்ட ஆரம்பித்திருந்தது. வீடும் மோட்டார்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். பழைய பிராசஸர் இருந்தபோது பெட்டி கொஞ்சமாகச் சாப்பிட்டதால் தாக்குப்பிடித்தது. இப்போது கார்டும் பிராசஸரும் சேர்ந்து கேட்கும்போது அந்தப் பவர் சப்ளையால் முடியவில்லை.

கைகால் கழுவிக்கொண்டு வந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாந்தான் ஆஃப் பண்ணிக்கினு இருந்தேனா? மிஷினு வீட்டுக்கு வந்த குஷியில டெய்லி போயி மோட்டார் போட்டேனே!" நாகவேணி சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது.

ஸ்டெபிலைசர் மாறும் நொடியிலேயே இந்தப் பெட்டி அணைந்துவிடும், யூபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும் என்றார் சார். வேண்டியது மானிட்டர் மாதிரி எந்த வோல்டேஜையும் தாங்கும் பவர் சப்ளை. அது பெங்களூரில்தான் கிடைக்கும். அன்று நேரமாகிவிட்டது, வெள்ளிக்கிழமையோ கர்நாடகத்தில் பந்த். எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டியும் ஓடாது. சனிக்கிழமை காலை எப்படியாவது எல்லை வரை கொண்டுவந்து தருவதாகக் கடைக்காரர் போனில் சொன்னார். அது வந்து சேருவதற்குள் சுந்தரேசன் வந்துவிட்டால்?

"அவரு இருக்கற வரைக்கும் மோட்டாரு ஓடாம பாத்துக்கிட்டா?" என்று நாகவேணி மெதுவாகக் கேட்டாள்.

வெங்கடசாமியின் முகம் மாறியது. மற்றவர்கள் பிரச்சினை இல்லை, கேட்டால் நிறுத்துவார்கள். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் பெரிய மோட்டார் அவருடைய பங்காளி கிருஷ்ணப்பாவுடையது. கிருஷ்ணப்பா போர்வெல் போட்டதில் தன் கிணறு வற்றி, தானும் போர்வெல் போட வேண்டியதாயிற்று என்று இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம். பெரியவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு எழுந்து, "சட்டை எடுத்தா வேணி" என்றார். பக்கத்து நிலத்துக்குப் போக அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

நாங்கள் வாசலிலேயே நின்றோம். திரும்பி வந்தவர் முகத்தில் வெற்றியும் எரிச்சலும் கலந்திருந்தது. "நிறுத்தறானாம். எம் மூஞ்சியப் பாக்காம சம்சாரத்துகிட்டச் சொல்லி அனுப்பறான். ஆனா எந்தப் பொட்டிக்காவ எம் மோட்டார நிறுத்தறேன்னு நான் வந்து பாக்கணும்ங்கறான்."

சனிக்கிழமை விடிந்ததும், தமிழ்நாட்டு வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பயந்து, என் மொபெட்டை ஜூஜூவாடியில் நிறுத்திவிட்டு எல்லை வரை நடந்தேன். பந்த் முடிந்தும் பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. டிபன் பாக்ஸும் கையுமாகத் தொழிற்சாலை ஆட்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் பைக்கோடு நின்றவர் என்னிடம் பெட்டியைக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

நான் கெலவரப்பள்ளி போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. சுந்தரேசன் முன்னாடியே வந்துவிட்டார். வாசல் நிறைய ஆட்கள். மோட்டாரை நிறுத்தியவர்கள் எல்லோரும், எதற்காக நிறுத்தினோம் என்று பார்க்க வந்துவிட்டார்கள். சுந்தரேசன் தயங்கித் தயங்கி, எனக்கு முன்பே அங்கே வந்திருந்த முனிராஜ் சாரிடம், "வீட்டுல ஏதாச்சும் விசேஷமுங்களா? இல்ல, யாருக்காவது முடியலைங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சார் நாகவேணியைப் பார்த்தார். உள்ளே திரையில் டை அழகாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் சுந்தரேசன் பார்த்துவிட்டுப் போயிருப்பார். நாகவேணி மவுஸிலிருந்து கையை எடுத்து, அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், இவங்கல்லாம் எனக்காவ மோட்டார நிறுத்திட்டு வந்திருக்காங்க. மோட்டார் ஓடுனா வோல்டேஜ் எறங்கி இது நின்னு போவுது. அதுக்கான சாமானு இப்பத்தான் இந்தக்கா கையில வருது."

சுந்தரேசன் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாட்டுங்க. எவ்வளவு நேரமானாலும் பரவால்லீங்க. மாட்டிட்டு எல்லா மோட்டாரையும் போடச் சொல்லுங்க."

அத்தனை பேர் பார்க்க நான் மூடியைக் கழற்றினேன். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பழையதை எடுத்து, புதியதை வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திச் சரிபார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் எழுந்தது. நாகவேணி டையைத் திறந்தாள்.

"ஒண்ணொண்ணா போடுங்க. மொத்தமா போட்டா டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸு போயிரும்" என்று சார் வாசலில் நின்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கத்தினார். ஆட்கள் வரப்புகளில் ஓடினார்கள். முதல் மோட்டார் சத்தம் கேட்டது. டை திரும்பியது. இரண்டாவது. மூன்றாவது. மின்விசிறி சோம்பல் முறிப்பது போல மெதுவானது. நான்காவதுக்கு டியூப்லைட் கண் சிமிட்டியது. கடைசியாகக் கிருஷ்ணப்பா, வாசலில் நின்றிருந்த வெங்கடசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போடட்டா?" என்றார். பல வருடத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அது என்று பிறகு தெரிந்தது.

"போடுறா" என்றார் வெங்கடசாமி.

கிருஷ்ணப்பா தன் நிலத்துக்கு நடந்த கொஞ்ச நேரத்தில் பெரிய மோட்டார் உறுமியது. டியூப்லைட் அணைந்தே போனது. கூடம் இருட்டியது. மின்விசிறியின் றெக்கைகளை எண்ணலாம் போல இருந்தது. அந்த இருட்டில் திரை மட்டும் பளிச்சென்று நின்றது. நாகவேணி டையைத் திருப்பினாள், நடுவில் வெட்டி உள்பக்கம் காட்டினாள், மூடினாள், மறுபடி திருப்பினாள். வாசலில் விசில் கிளம்பியது. முனிராஜ் சார் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

சுந்தரேசன் எழுந்து காருக்குப் போனார். நாகவேணியின் முகம் வெளுத்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் சுருட்டிய வரைபடங்கள் இருந்தன. மேசையில் வைத்து, "மூணு டை இருக்குதுங்கம்மா. மொத டை புதன்கிழமைக்குள்ள வேணும்" என்றார்.

அவர் கார் கிளம்பிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. முதல் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் பாரம் வைத்தாள். வெங்கடசாமி வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே தூங்கிவிட்ட குழந்தையை எழுப்பிவிடாத குரலில் கேட்டார்: "வேணி, நம்ம மோட்டார மட்டும் நிறுத்திரட்டா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "வேணாம் மாமா, ஓடட்டும்."